கோமாரி நஷ்டம் சாவுல மட்டும் இல்லங்க
மாட்டுக்கு வாய்லயும் குளம்புலயும் புண்ணு வர்ற வைரஸ் நோய்தான் கோமாரி. ஒருத்தர் 'கோமாரி வந்தா மாடு சாகாது, 2 வாரத்துல தேறிடும், விவசாயிக்கு என்ன நஷ்டம்'னு போட்டிருக்காரு. பெரிய மாட்டுல சாவு கம்மிங்கறது சரி, ஆனா கன்னுக்குட்டிக்கு வைரஸ் இதயத்தத் தாக்கி பொசுக்குனு போயிடும். பெரிய மாட்டுக்கு நாக்குல கொப்புளம் வெடிச்சு எச்சில் ஒழுகும், தீனி எடுக்காது, குளம்புப் புண்ணுல நிக்க முடியாது, காம்புல புண்ணு வந்தா கறக்கவே விடாது, மடிநோய் வேற சேர்ந்துக்கும், அந்த ஈத்துல (கன்னு போட்டு கறக்கற காலத்துல) பால் பழைய அளவுக்கு வர்றதே கஷ்டம். சிலதுக்கு சினை கலைஞ்சிடும், சிலதுக்கு சினை பிடிக்கறதே தள்ளிப்போகும், அதுவரைக்கும் தீவனச் செலவ யாரு கொடுப்பா? சந்தைய மூடிட்டா நல்லா இருக்கற மாட்டக்கூட விக்க முடியாது. 2001ல பிரிட்டன்ல இதே நோய அடக்க ஆடு மாடுன்னு 60 லட்சத்துக்கும் மேல கொன்னாங்க, அதுல நோயே வராததுதான் ஏராளம்.