எலும்பு முறிந்தவனுக்கு மாட்டுக்கால் சூப்

போன மாதம் தம்பி மோட்டார் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்டு சாய்ந்தமருது வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் மாட்டுக்கால் சூப். "எலும்புக்கு எலும்புதான் மகன் மருந்து, கல்சியமெல்லாம் இதுலதான் இருக்கு" என்றார் மூத்தம்மா. பத்தாம் நாள் அவனுக்குச் சூப் மணமே ஆகாமல் போய்விட்டது.

சூப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூத்தம்மா மாட்டுக்காலை நெருப்பில் வாட்டிச் சுரண்டி, இஞ்சி, உள்ளி, மிளகு, கொத்தமல்லி தட்டிப் போட்டு, இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு விறகடுப்பில் ஏற்றினால் விடியச் சுபஹுக்குத்தான் இறக்குவார். சுவாலை இருக்காது, தணல் மட்டும். குக்கரில் வைக்கலாமே என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். (குக்கரிலும் அதே சத்துதான் இறங்கும். ருசியில் நான் மூத்தம்மா பக்கம்.)

மிஞ்சிய சூப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வட்டிலப்பம் மாதிரி ஆடும். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல மெல்ல வெந்து ஜெலட்டினாக மாறியதுதான் அது. அதுவும் புரதம்தான், ஆனால் முழுமையான புரதமில்லை. ட்ரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. அதனால் சூப்போடு நிறுத்தாமல் முட்டை, மீன், பருப்பும் சாப்பிட வேண்டும்.

கல்சியம் கதைதான் பிழை. எலும்பில் கல்சியம் நிறைய இருக்கிறது, சரி. ஆனால் அது பொஸ்பேற்றோடு இறுகிக் கிடக்கிறது. விடிய விடியக் கொதித்தாலும் தண்ணீருக்குள் வருவது சொற்பம். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் தேவை. 100 மில்லிலீற்றர் பசுப்பாலிலேயே கிட்டத்தட்ட 120 இருக்கிறது, எருமைப்பாலில் அதைவிடக் கூட. முள்ளோடு மென்று தின்னும் நெத்தலி, வேலியோரத்து முருங்கையிலை எல்லாம் இந்த விஷயத்தில் சூப்பை விட எவ்வளவோ மேல். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சட்டித் தயிருக்கா பஞ்சம்?

வாப்பாவுக்குப் பிரஷர் என்பதால் அவருடைய கோப்பையை உப்புப் போட முன்னமே எடுத்துவிடுவோம். மேலே மிதக்கும் கொழுப்பையும் வழித்துவிடுவோம். மூத்தம்மாவுக்கு அது பெரிய கவலை.

நேற்று தம்பிக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக் கொடுத்தேன். மூத்தம்மா எட்டிப் பார்த்தார். "தயிர் குளிர், கை வீங்கிரும்" என்று சொல்லி, பக்கத்தில் ஒரு கோப்பை சூப்பையும் வைத்துவிட்டுப் போனார்.