அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சமவெளியிலிருந்து பேசுகிற நண்பர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். "உனக்கென்னப்பா, கோத்தகிரியில் இருக்கிறாய். ஃபேன் சத்தம் கிடையாது, ஏசி சத்தம் கிடையாது. ஜன்னலைச் சாத்திவிட்டு மைக்கை வைத்தால் அதுதான் ஸ்டுடியோ." இனி எவராவது இப்படிச் சொன்னால், வீட்டுக்கு வரவழைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, ஒரு சுரம்கூட வாசிக்காமல் அரை மணி நேரம் உட்காரவைக்கப் போகிறேன். கேட்கட்டும். 'ம்ம்ம்ம்ம்' என்று விடாமல் ஒலிக்கும் அந்த இரைச்சலைக் காது குளிரக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஃபேன் இல்லைதான். எங்கள் வீட்டுக் கூரையில் அதற்கான கொக்கிகூட இல்லை. ஆனால் சுவருக்குள் மின்சாரம் ஓடுகிறதே! நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150, 200 எல்லாமும் என் ஒவ்வொரு பதிவிலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சரி, வருவதுதான் வருகிறது, சுருதியிலாவது சேரக் கூடாதா? பாடகர் சுருதியைக் கட்டைக் கணக்கில்தானே சொல்வார்கள்; அந்த ஐந்து கட்டையை அடியாழத்துக்கு இறக்கினால் 49 ஹெர்ட்ஸ்; ஐந்தரை என்றால் ஏறக்குறைய 52. இந்தச் சனியன் ஐந்தைத் தாண்டி, ஐந்தரைக்கும் போகாமல், வழியில் மூன்றில் ஒரு பங்கில் நின்றுகொள்கிறது. எந்தக் கட்டையில் பாடினாலும் அபசுரம்.

நான் தொழில்முறைக் கலைஞன் அல்ல. வேலை முடிந்து வந்தபின் கொஞ்ச நேரம் விளையாடுகிறவன். யாரோ விற்றுத் தள்ளிய ஒரு பழைய சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி), ஒரு தாள இயந்திரம், மின்னணுச் சுருதிப் பெட்டி, ஒரு கிதார், லேப்டாப், அதனுடன் இணைக்கும் ஆடியோ பெட்டி. இவை போக, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடுகளை வாங்கிக் கம்பியைப் பற்றவைத்து நானே செய்துகொண்ட ஒட்டு மைக்குகள். நாணயம் போல இருக்கும் அந்தத் தகட்டைத் தகரக் கூரையில் ஒட்டினால், மழை காற்றின் வழியாக வராமல் தகரத்தின் அதிர்வாகவே உள்ளே வரும். அற்புதமான ஓசை அது. ஆனால் பீசோ பலவீனமான சமிக்ஞைக்காரன். பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் இரைச்சலை மழையைவிட ஆசையாக வாங்கிக்கொள்வான். மழை கேட்கிறதோ இல்லையோ, மெயின் லைன் கேட்கிறது.

இதற்கு மருந்து கவசமிட்ட கம்பி, அந்தக் கவசத்துக்கு ஒழுங்கான எர்த். இங்கேதான் என் வயிறு எரிகிறது. வீட்டில் இருப்பவை எல்லாம் மூன்று துளை பிளக் பாயின்ட்டுகள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கின்றன. ஒரு நாள் எரிச்சலில் மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். எர்த்துக்கான மேல் துளைக்குப் பின்னால் திருகு இருந்தது. கம்பி இல்லை. அடுத்த பாயின்ட், அதற்கடுத்தது, சமையலறை, எல்லாம் அப்படியே. ஒரே ஒரு பாயின்ட்டில் பச்சைக் கம்பி இருந்தது. அதுவும் நாலு விரல் நீளம் போய்ச் சுவருக்குள் வெட்டி மடக்கப்பட்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்தேன். "லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது, எர்த் எதற்கு சார்?" என்றார். கிதார் கம்பியைத் தொட்டால் விரலில் குறுகுறுக்கிறது, மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்கிறது என்றேன். லேப்டாப் போன்றவற்றின் அடாப்டருக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் கசியவிடும் துளி மின்சாரம் எர்த் வழியே போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது கருவியின் உலோக உடம்பில் வந்து நிற்கும். இதைச் சொன்னதும் அவர் யோசித்துவிட்டு ஒரு வைத்தியம் கூறினார்: "நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த்துக்கு இழுத்துவிடட்டுமா?" அட பாவமே! எங்காவது நியூட்ரல் அறுந்தால் சிந்தசைசரின் உலோகச் சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். இசை ஆர்வத்துக்கு அந்த அளவு தியாகம் தேவையில்லை. டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இணையத்து அறிவாளிகள் இன்னொரு ரகம். இரைச்சல் என்று வாயைத் திறந்தாலே "கிரவுண்ட் லூப், பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடு" என்கிறார்கள். இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்துக்குப் போய், அதனால் ஒரு வளையம் உருவாகி இரைச்சல் வருவது உண்மைதான். அதற்காக முள்ளை உடைப்பது எங்குமே ஆபத்து. அதைவிட, எங்கள் வீட்டில் அந்தப் புண்ணிய காரியத்தைக் கட்டும்போதே செய்து முடித்துவிட்டார்கள். ஒரு எர்த்துக்கே வழியில்லாத இடத்தில் இரண்டு எர்த்துக்கு எங்கே போவது?

என் ஆத்திரத்துக்குக் காரணம், எர்த் போட இதைவிடத் தோதான மண் சுலபத்தில் கிடைக்காது என்பதுதான். ஈர மண்ணில் மின்சாரம் எளிதாக இறங்கும். மற்ற இடங்களில் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டி, கோடையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இங்கே தென்மேற்கு மழை விட்டால் வடகிழக்கு மழை, அதுவும் விட்டால் பனி. பீரோவுக்குள் இருக்கும் செருப்புக்கே பூஞ்சை பூக்கிறது. என் மிக்ஸரின் குமிழ்களை ஒரு மாதம் திருகாமல் விட்டால் கரகரக்கின்றன. கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பூட்டி வைக்கிறேன். அழையாமல் வீட்டுக்குள் வரும் அந்த ஈரம் எர்த்துக்கு மட்டும் பயன்படாது. ஏனென்றால் சுவரிலிருந்து மண்ணுக்குப் போக வேண்டிய கம்பியை ஒருவர் மிச்சம் பிடித்துவிட்டார்!

மின்சாரத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, இந்த நீலகிரி மலையில் விழுந்த தண்ணீர் கோவையின் ஆலைகளைச் சுழற்றியது. பின்னர் குந்தா நீர்மின் திட்டம் வந்தது. அந்த மலையில்தான் நானும் குடியிருக்கிறேன். சாயங்காலம் கீசர்களும் ஹீட்டர்களும் போடப்பட்டதும் எங்கள் தெருவில் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. ஸ்டெபிலைசர் 'டக், டக்' என்று தாளம் போடும், அதுவும் எதிர்த்தாளம். காற்றடித்தால் எங்கோ ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கம்பியின் மேல் சாயும், இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். எங்களுடையது மலிவான சதுர அலை இன்வெர்ட்டர். சதுர அலையில் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரிசைகட்டி நிற்கும். 'ம்ம்ம்' என்றிருந்தது 'ஜ்ர்ர்ர்' என்று குளவிக் கூடாகிவிடும்.

ஃபில்டர் போட்டு 50-ஐயும் மடங்குகளையும் அறுத்துவிடலாமே என்பார்கள். அறுத்தேன். கூடவே தாள இயந்திரத்தின் அடிவயிற்று ஓசையும் என் குரலின் கனமும் போயின. மீதமிருந்தது தொலைபேசியில் பாடிய பாட்டு.

இதற்கெல்லாம் மேலே, "அந்த இரைச்சலையே இசையாக்கு" என்று தத்துவம் பேசும் ஒருவர் எங்கும் இருப்பார். ஐயா, கம்பிச் சுருளை அடாப்டரின் அருகே பிடித்து, மின்காந்த முனகலைப் பதிவு செய்யும் வேலையை நானும் செய்கிறவன்தான். அது நான் விரும்பிக் கேட்பது. தம்புராவைப் பதிவு செய்யும்போது அழையாமல் வருவதற்கும் கைதட்டச் சொன்னால் எப்படி?

இப்போதைக்கு வழி ஒன்றுதான். லேப்டாப்பும் எஃபெக்ட் பெட்டிகளும் பேட்டரியில் ஓட, வீட்டு மெயினையே அணைத்துவிட்டுப் பதிவு செய்வது. இரைச்சல் சுத்தமாக ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் ராட்சத ஃபேன்கள் கேட்கத் தொடங்கும். சுற்றுலா சீசன் என்றால் வளைவுக்கு வளைவு ஹாரன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து, "ஃப்ரிட்ஜில் பால் இருக்கிறது, உன் பாட்டு முடிந்ததா இல்லையா?" என்பார். சிந்தசைசருக்கோ பேட்டரி வசதியே கிடையாது.

வீட்டுக்காரரிடம் எர்த் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை தம்பி" என்பது முதல் பதில். செலவில் பாதியை நான் தருகிறேன் என்றதும், "சீசன் முடியட்டும்" என்றார். கோடை சீசன் முடிந்தது. மழை நிற்கட்டும் என்றார். மழை நின்றது, இரண்டாவது சீசன் வந்துவிட்டது. மாடியில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓர் அறையைத் தயார் செய்கிறார். நேற்று அங்கே புத்தம் புதிய கீசர் பொருத்தினார்கள். போய்ப் பார்த்தேன். பளபளவென்று மூன்று துளை பிளக் பாயின்ட். மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். திருகு இருந்தது.