உருகவில்லை என்றால் சேர்மமும் இல்லையா?

"உராய்வு ஸ்பாட் வெல்டிங்கில் உலோகம் உருகுவதே இல்லை, ஆகவே அலுமினியத்தையும் எஃகையும் இணைத்தால் நொறுங்கும் சேர்மங்கள் உருவாகாது" என்று எழுதியிருக்கிறீர்கள். சுழலும் கருவியைத் தகடுகள் மீது அழுத்தி, உராய்வு வெப்பத்தில் உலோகத்தை மென்மையாக்கிப் புள்ளி புள்ளியாக இணைப்பதே இந்த முறை. முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதி தவறு.

இரும்பும் அலுமினியமும் வினைபுரிய உருக வேண்டிய அவசியமே இல்லை. வெப்பமும் அழுத்தமும் இருந்தால் திண்ம நிலையிலேயே அணுக்கள் எல்லையைத் தாண்டி ஊடுருவும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்த நொறுங்கும் சேர்மமான இரும்பு-அலுமினைடு ஓர் அடுக்காக உருவாகும். வெப்பம் குறைவு, நேரமும் சில விநாடிகள்தான் என்பதால் அந்த அடுக்கு மெல்லியதாக நிற்கிறது. இந்த முறையின் பலம் அதுதான். கருவியை அதிக நேரம் சுழல விட்டால் அடுக்கு தடிக்கும், இணைப்பு நொறுங்கும். இதை விட்டுவிட்டு 'பிரச்சினையே இல்லை' என்று சொன்னால், படிப்பவர் சுழல் வேகத்தையும் நேரத்தையும் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

'உருகுவதே இல்லை' என்பதற்கும் விதிவிலக்கு உண்டு: அலுமினியத்தை மெக்னீசியத்துடன் இணைப்பது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், மெக்னீசியம் 650இல். ஆனால் இரண்டும் கலந்த யூடெக்டிக் கலவை (தனி உலோகங்களைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் விகிதக் கலவை) உருகச் சுமார் 437 பாகையே போதும். அதனால் இந்த ஜோடியில் எல்லையோரம் திரவப் படலம் தோன்றுவது நன்கு அறியப்பட்ட சிக்கல்.

அரிப்பு வேறு கதை. ஈரம் புகுந்தால் எஃகைத் தொடும் அலுமினியம் அரிக்கப்படும். எப்படிப் பற்றவைத்தாலும் அது மாறாது. மாஸ்டா நிறுவனம் 2005இல் இம்முறையில் அலுமினியத்தை எஃகுடன் இணைத்தபோது, இந்த அரிப்பைத் தடுக்கத் துத்தநாகம் பூசிய எஃகையே பயன்படுத்தியது.