அந்த லேப்ல உருப்படியா வேல பாத்தது எலி ஒண்ணுதான்

பேய்ப்படம்னா எனக்கு உசுரு. அதுவும் லோ பட்ஜெட்னா இன்னும் இஷ்டம், காசு இல்லாதவன்தான் மூளையப் போட்டு பயமுறுத்துவான்னு ஒரு நம்பிக்க. மார்த்தாண்டத்துல நைட் ஷோ டிக்கெட் எடுத்து அந்த நம்பிக்கையக் கொன்னாச்சு.

கத என்னன்னா, ஒரு சயின்டிஸ்ட் பண்ற ஆராய்ச்சி கைவிட்டுப் போயி ஊரே பிசாசாவுது. சரி, ஆவட்டும். ரகசிய லேபுன்னு காட்டுனது பூட்டிக் கெடக்குற ஏதோ அண்டியாபீஸ், அதான் முந்திரி ஃபேக்டரி, அதுவும் பரவால்ல, களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அப்படி கெடக்கத்தான செய்யுது, ராத்திரி பாத்தா பயமாத்தான் இருக்கும். ஆனா உள்ள அவன் பண்ற வேல இருக்கே மக்கா!

மைக்ராஸ்கோப்ப குனிஞ்சு பாத்துட்டு வைரஸ் உருமாறுதுங்கான். எடேய், அதுல ஸ்லைடே இல்லடே! அதுக்கு குளோசப் வேற. நான் லேப் டெக்னீசியன், கண்ணாடில தடவுன ரத்தத்துல மலேரியா கிருமி இருக்கான்னு பாக்குறதுக்கே 100 எக்ஸ் லென்சுக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டு கண்ணு வலிக்க தேடணும், கொரோனா வைரஸ்லாம் சுமார் 100 நானோமீட்டர்தான், சாதா மைக்ராஸ்கோப்ல தெரியவே தெரியாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேணும்.

பொறவு ரத்தம். செவப்பு மூடி ட்யூப்ல எடுத்து வைக்கான், ரெண்டு நாள் கழிச்சு அதையே தண்ணி மாதிரி சிரிஞ்சுல இழுத்து எலிக்கு குத்துகான். செவப்பு மூடி சீரம், அதான் ரத்தம் உறைஞ்சப்பொறவு கெடைக்குற தெளிஞ்ச தண்ணி, அதப் பிரிக்கதுக்கு, ரத்தம் அரமணி நேரத்துல கட்டியாயிரும். உறையாம இருக்கணும்னா இ.டி.டி.ஏ.ங்கிற மருந்து உள்ள பர்ப்பிள் மூடி. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைக்கு மொதநாள் சொல்லிக் குடுக்குற விசயம் இது.

ஆசிட் சீன்லதான் எனக்கு வெறியே வந்துச்சு. கான்சென்ட்ரேட்டட் சல்ப்யூரிக் ஆசிட்ல தண்ணிய மடமடன்னு ஊத்துகான், ஒண்ணுமே ஆவல! நெசத்துல அது கொதிச்சு மூஞ்சில தெறிக்கும். எங்கூர்ல ரப்பர் பால ஒறைய வைக்கதுக்கு ஃபார்மிக் ஆசிட் கலக்குற அம்மச்சிகூட தண்ணிலதான் ஆசிட்ட ஊத்துவா, ஆசிட்ல தண்ணிய ஊத்தமாட்டா. சும்மா கெடைக்குற பயத்த விட்டுட்டு பச்சக்கலர் சோப்புத்தண்ணிக்கு பிஜிஎம் போட்டு அலற விடுகான், காது போச்சு.

நெசமே இதவிட பயங்கரம்யா. ராபீஸ், அதான் வெறிநாய்க்கடி நோய், அறிகுறி வந்தவனுக்கு தண்ணியப் பாத்தாலே தொண்ட இழுக்கும், அந்தக் கட்டம் வந்துட்டா பொழைக்கது ரொம்ப ரொம்ப அபூர்வம். இத வச்சு ஒரு ரூம், ஒரு கட்டில், ஒரு டம்ளர் தண்ணி, முழுப்படம் எடுக்கலாமே, பட்ஜெட் எங்க இடிக்குது?

கூட வந்தவன் லாஜிக் பாக்காதடேங்கான். பேய் பறக்கட்டும், செவுத்துல நடக்கட்டும், நான் ஏதாவது கேட்டனா? விஞ்ஞானி விஞ்ஞானியா இருந்தாத்தான அவன் சாவும்போது நமக்கு திக்குன்னு இருக்கும்? கடைசில எலி அவன் கழுத்தக் கடிக்கும்போது தியேட்டரே கைதட்டுது, நானுந்தான் தட்டுனேன்.