நுரை வராவிட்டால் டூப்ளிகேட்டா?

"நுரை வரலைன்னா டூப்ளிகேட். நல்லா நுரைக்கிற ஷாம்புவா பார்த்து வாங்குங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. அழுக்கு போவதற்கும் நுரைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நுரையைக் கூட்டுவதற்கென்றே தனியாகப் பொருள் சேர்ப்பதும் உண்டு.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் ஒரு பாக்கெட் முழுக்கப் போட்டாலும் பேருக்குத்தான் நுரைக்கும். அதே சரத்தில் கிழித்த அடுத்த பாக்கெட், மெட்ரோ வாட்டரில் குளித்தால் காதுவரை வழியும். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் நுரையை அடக்கிவிடும். எண்ணெய் தேய்த்த தலையும் அப்படித்தான், முதல் தடவை நுரைக்காது. அலசிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

டூப்ளிகேட் சந்தேகம் வந்தால் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தேதி ஒழுங்காக அச்சாகியிருக்கிறதா பாருங்கள். எந்த ஷாம்பு என்று குழப்பமா? முடியை விட்டுவிட்டு மண்டைத் தோலைப் பாருங்கள். பொடுகு என்றால் பாக்கெட்டின் பின்பக்கம் கீட்டோகோனசோல், ஜிங்க் பைரித்தியோன் போன்ற பொடுகு மருந்தின் பெயர் இருக்க வேண்டும். வறண்ட தலைக்கு மைல்டானது போதும். முன்பக்கத்தில் இருக்கும் பாதாம், வெங்காயப் படங்களை நான் பார்ப்பதே இல்லை.