‘இண்டிபென்டென்ட்’ என்றால் கட்சி சாராதவர் இல்லை

“கலிபோர்னியாவில் எந்தக் கட்சியும் வேண்டாம் என்றால், வாக்காளர் படிவத்தில் ‘அமெரிக்கன் இண்டிபென்டென்ட்’ என்பதை டிக் அடியுங்கள்” என்று ஒரு யோசனை சுற்றுகிறது. தவறு. அது ஒரு கட்சியின் பெயர்.

இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் 1968 அதிபர் தேர்தலில் நிற்பதற்காகத் தொடங்கப்பட்ட வலதுசாரிக் கட்சி. பிற்பாடு கான்ஸ்டிடியூஷன் கட்சி என்ற சிறிய வலதுசாரிக் கட்சியின் கலிபோர்னியா கிளையாக 2008 வரை இருந்தது. 2016இல் டிரம்பை வேட்பாளராக ஏற்றது.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இக்கட்சியில் பதிவானவர்களிடம் விசாரித்தபோது, நான்கில் மூன்று பேருக்குத் தாங்கள் ஒரு கட்சியில் இருப்பதே தெரியவில்லை! பெயரைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கட்சி சாராதவருக்கான பதிவின் பெயர் ‘நோ பார்ட்டி பிரெபரன்ஸ்’ (கட்சி விருப்பம் இல்லை). அதற்குப் பதிலாகத் தவறுதலாக ‘அமெரிக்கன் இண்டிபென்டென்ட்’ என்று பதிந்தவர்களுக்கு, 2016, 2020இல் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல்களில் வாக்குச்சீட்டு கிடைக்கவில்லை. ‘நோ பார்ட்டி’க்காரர்கள் கேட்டால் கிடைத்தது.