ஐஸ் ஹாக்கி அணித் தேர்வு என்று வரும் வாட்ஸ்அப் செய்தி பொய்

"அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி ராமநாதபுரம் கடலோரத்தில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத் தேர்வு செய்கிறது. 12,000 ரூபாய் கட்டினால் நேராக அணியில் இடம்" என்று ஒரு செய்தி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சுற்றுகிறது. இது உண்மையில்லை.

அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் பெரிய ஐஸ் ஹாக்கி லீக் என்ஹெச்எல். அதில் 32 அணிகள். ஆண்டுக்கு ஒருமுறை, 7 சுற்றுகளாக நடக்கும் டிராஃப்ட் என்ற வீரர் தேர்வில் இளம் வீரர்களை எடுக்கிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதில் பெயர் வரப் பணம் கட்டுவதெல்லாம் கிடையாது. பெயர் வந்தாலும் உடனே பெரிய அணியில் இறக்கிவிட மாட்டார்கள். பெரும்பாலானோர் ஜூனியர் லீக்குக்கோ கல்லூரி அணிக்கோ திரும்பிப் போய் ஆடுகிறார்கள். பிறகு என்ஹெச்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏஹெச்எல் லீக்கில் சில வருடம். அப்படியும் என்ஹெச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்கள் நிறையப் பேர்.

பாம்பனில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ரோலர் ஸ்கேட் சக்கரத்தில் ஒட்டிய மணலைத் துடைத்துக்கொண்டே, "அம்மா கம்மலை அடகு வச்சுக் கட்டப் போறாங்கண்ணே" என்றான். அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை.

அவன் ஆசை நல்ல ஆசை. இந்தியா 1989 முதல் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பு நாடு. இங்கே ஆட்டம் பெரும்பாலும் லடாக்கில், குளங்கள் உறையும் குளிர்காலத்தில் நடக்கிறது.

என்ஹெச்எல், இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் இரண்டின் இணையதளங்களிலும் சரிபார்க்கலாம். பணம் கட்டிவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்; அது வந்த குழுவிலேயே இதைப் போடுங்கள்.